புது ஆற்றின் நடுவே அசையாமல் நின்ற நீலப்புள்ளி

பிள்ளைகள் வெளியூரில் இருந்தால், ஒரு வயதுக்குமேல் பெற்றோர் மனிதர்களாக இருப்பதில்லை. போன் வரைபடத்தில் நீலப்புள்ளிகளாகிவிடுகிறார்கள். புள்ளி வீட்டில் இருந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். நகர்ந்தால் போன் வரும்.

நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்த பிறகு நானும் புள்ளியானேன். சென்னையில் இருக்கும் மகள் தேன்மொழி தன்னுடைய பழைய விலையுயர்ந்த போனை எனக்குக் கொடுத்தாள். (அன்பளிப்பு என்று நினைத்தேன். மாட்டுக்குக் கட்டும் மணி என்று பிறகுதான் புரிந்தது.)

"இன்னொரு தடவ வயலுக்குப் போனீங்கன்னு தெரிஞ்சுது, நிலத்தக் குத்தகைக்கு விட்டுட்டு உங்கள இங்க கூட்டிட்டு வந்துடுவேன்" என்றாள்.

'இங்க' என்றால் ஏழாவது மாடி. ரயில்வேயில் மூட்டை எண்ணியே ஓய்வு பெற்றவன் நான். அங்கே எண்ணுவதற்கு எதிர்வீட்டு ஜன்னல்கள் மட்டும்தான். (நூற்று நாற்பத்து நான்கு. எண்ணியாகிவிட்டது.)

ஆனால் ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். பூதலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் வயல் வாய்க்காலுக்குக் கடைசி. எங்களுக்கு முன்னால் தண்ணீர் பாய்ச்சும் மேல்மடைக்காரர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். நான் போய் நின்றால் இன்னும் கொஞ்சம் நல்லவர்களாக இருப்பார்கள். விதை தெளித்த நாற்றங்கால் காய்வதை நினைத்தால் ஸ்டென்ட் இரண்டும் தனித்தனியாக வலித்தன.

தஞ்சாவூரில் எங்கள் வீட்டருகே ஒரு போன் கடைக்குப் போய், "நான் இருக்கற எடத்த மாத்திக் காட்டுமா இது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வயசுலயா சார்?"

"வயலுக்குப் போகணும்பா."

"எல்லாரும் இப்படி ஏதாவது ஒண்ணு சொல்லுவாங்க சார்." போனைத் திருப்பிப் பார்த்தார். "கம்பெனிக் கடையில அந்த ஆப் கெடைக்காது. இத ஜெயில்பிரேக் பண்ணணும். கம்பெனி போட்ட பூட்ட ஒடச்சிட்டா வேற கடை ஒண்ண உள்ள ஏத்தலாம். அதுல எல்லாமே கெடைக்கும்."

"ஜெயிலா?"

"உங்களுக்கு இல்ல சார், போனுக்கு விடுதலை. ஆனா ஏதாவது ஆச்சுன்னா கம்பெனியும் பொறுப்பில்ல, நானும் பொறுப்பில்ல."

அந்த வேறு கடை என் போனில் வந்து உட்கார்ந்தது. யார் யாரோ செய்து வைத்த சரக்குகள்: எழுத்தின் உருவத்தை மாற்றுவது, படங்களைக் குட்டிக்கரணம் போட வைப்பது. எனக்கு வேண்டியதைத் தொட்டதும் வரிசையாக எச்சரிக்கைகள். ஐந்து. ஐந்துக்கும் சரி என்று அழுத்தினேன். (ஐந்தையும் படித்துவிட்டுத்தான் அழுத்தினேன் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.)

வரைபடத்தில் எங்கே விரல் வைக்கிறோமோ, அங்கே நாம் இருப்பதாகக் காட்டும். சோதனைக்காகப் பெரிய கோயிலில் விரல் வைத்தேன். உடனே தேன்மொழி அழைத்தாள்: "கோயில்லயாப்பா இருக்கீங்க? வெயிலாச்சே!" குளியலறையில் நின்றபடி, "நிழல்லதான் இருக்கேன்மா" என்றேன்.

மறுநாள் காலை, ஊருக்குள் ஓடும் புது ஆற்றின் கரையில் இருக்கும் படிப்பகத்துக்குப் போவதாக மனைவி செண்பகத்திடம் சொல்லிவிட்டுப் பூதலூர் பஸ்ஸில் ஏறினேன். ஓடும் பஸ்ஸில், கண்ணாடி போடாமல், படிப்பகத்தின்மேல் விரல் வைத்தேன். பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. நீலப்புள்ளி தெரிந்தது. போதும் என்று போனைப் பைக்குள் போட்டேன்.

வயலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. போன் நனைந்துவிடுமோ என்று பயந்து, துண்டில் சுற்றி மோட்டார் கொட்டகையில் வைத்துவிட்டு மடையருகே நின்றேன். நிம்மதியில்லை. யாரோ பார்க்கிற மாதிரியே இருந்தது. கொக்குகளை எண்ணினேன். பதினொன்று. திரும்ப எண்ணினேன். பன்னிரண்டு. அதற்கும் பயந்தேன்.

பக்கத்து வயல் முருகையன் வரப்பில் விழுந்தடித்து ஓடி வந்தான். "சித்தப்பா! உயிரோடதான் இருக்கீங்களா? ஒங்கள ஆத்துல தேடிக்கிட்டிருக்காங்க! சித்தி போன் பண்ணி அழுவுறாங்க!"

கொட்டகைக்கு ஓடினேன். ஐம்பத்தேழு அழைப்புகள் எடுக்கப்படாமல் கிடந்தன. எண்ணி முடிப்பதற்குள் ஐம்பத்தெட்டாவது வந்தது. செண்பகம்.

"எங்கங்க இருக்கீங்க?"

பயத்தில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதிலே வாயில் வந்தது. "படிப்பகத்துல."

"நானும் படிப்பகத்துலதான் நிக்கிறேன். தீயணைப்பு வண்டியும் இங்கதான் நிக்குது."

நடந்தது இதுதான். பஸ் குலுங்கியதில் என் விரல் படிப்பகத்தைத் தாண்டி, கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்த புது ஆற்றின் நட்டநடுவே விழுந்திருக்கிறது. சென்னையில் அதைப் பார்த்த தேன்மொழி முதலில் சிரித்தாளாம். புள்ளி அசையவில்லை. போனும் எடுக்கப்படவில்லை. ஓடும் தண்ணீரில் ஒருவன் அசையாமல் கிடந்தால் அதற்கு என்ன பொருள்?

முருகையன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ஆற்றங்கரையில் இறக்கினான். கரையில் நல்ல கூட்டம். முழங்கால்வரை சேறும் வேட்டியெல்லாம் ஈரமுமாக வந்த என்னைப் பார்த்துத் தீயணைப்பு வீரர், "நீங்கதான் ஆத்துல விழுந்தவரா? எந்தப் பக்கமா ஏறுனீங்க?" என்றார். கூட்டத்தில் ஒருவர், "நல்லாத்தான் இருக்காரு, வாங்கப்பா போவலாம்" என்று மனக்குறையோடு கிளம்பினார். செண்பகம் போனை என் கையில் திணித்தாள். திரையில் தேன்மொழி, அழுது வீங்கிய முகத்தோடு.

ஏழாவது மாடி கண்ணில் தெரிந்தது.

"இப்பவும் ஆத்துக்குள்ளதாம்ப்பா காட்டுது. நெசமா எங்கதான் இருந்தீங்க?"

இனிமேல் பொய் சொல்லத் தெம்பில்லை. "வயல்லம்மா."

"வயல்லயா?" அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள். "வயல்லதானா? அப்பாடா!"

எதற்காக என்னை ஏழாவது மாடிக்கு ஏற்றுவதாக இருந்தாளோ, அதைக் கேட்டு என் மகள் நிம்மதியாக மூச்சுவிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வயலுக்கே போய்த் தொலைங்கப்பா. ஆனா சொல்லிட்டுப் போங்க. முருகையண்ணன் கூட இருக்கணும்."

கடைக்காரர் போனைப் பழையபடி மாற்றிக் கொடுத்தார். நிலம் குத்தகைக்குப் போகவில்லை. நான் சொல்லிவிட்டுத்தான் வயலுக்குப் போகிறேன். ஆனால் இன்றைக்கும் தேன்மொழி போன் செய்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், நான் "வீட்லதான்" என்று சொல்லி முடிப்பதற்குள், அவளுக்குப் பின்னாலிருந்து என் பேத்தியின் குரல் கேட்கும்:

"தண்ணி எவ்ளோ ஆழம் தாத்தா?"