பதினான்காம் எண் வீட்டின் செல்லாத ஓட்டு

என் கொழுந்தன் தங்கவேலு பாதிப் பொய்யன். முழுப் பொய்யனாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். நடந்ததில் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் ஒன்று விடாமல் கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறான். "எங்க அண்ணி ஓட்டுச் சீட்டுல அரசாங்கத்துக்கு கடுதாசி எழுதினாங்க" என்பான். அது உண்மை. எழுதினேன். மீதிப் பாதியை அவன் சொல்வதே இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அதனால் நானே எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால், ஒரு மரக்கிடங்கு முதலாளியின் வரிசை வீடுகளில் இருந்தோம். பதினெட்டு வீடு, ஒரே குழாய். முதலாளியை நாங்கள் பார்த்ததில்லை. எங்களுக்கு அரசாங்கம், கோர்ட்டு, போலீஸ் எல்லாமே மண்டோர்தான். (கிடங்கில் ஆட்களை மேய்க்கிறவரை அப்படித்தான் சொல்வோம்.) குழாய்க்கு அவர் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகியிருப்பார். அவர் வேட்டியைத் துவைத்துக் கொடுத்தவள் முதலில் தண்ணீர் பிடிப்பாள். எதிர்த்துப் பேசியவள் கடைசியில் பிடிப்பாள். நான் எப்போதும் கடைசி.

ஜப்பான்காரன் காலத்தில் நான் சின்னப் பெண். காவல் நிற்கும் சிப்பாயைக் கண்டால் இடுப்பு வரை குனிய வேண்டும். அதோடு நம் கடமை முடிந்தது. பிறகு வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். குனிய வேண்டாம், மனு எழுதலாம். பதில் வராது, ஆனால் எழுதலாம். வரிசையில் ஆறாம் வகுப்பு வரை படித்த ஒரே பெண் நான் என்பதால், பதினெட்டு வீட்டு மனுவும் என் கையெழுத்தில்தான் போகும். பெயர், வீட்டு எண், குறை, கையெழுத்து. இந்த நாலில் ஒன்று விட்டுப்போனாலும் மனு குப்பைக்குப் போகும் என்பது என் சித்தாந்தம். (என் மானம் போனது இந்தச் சித்தாந்தத்தால்தான். நினைவில் வையுங்கள்.)

அப்புறம் ஓட்டுப் போடுவது கட்டாயம் என்று சட்டம் வந்து, முதல் தேர்தலும் வந்தது. மண்டோருக்கு வேண்டிய ஒருவர் எங்கள் தொகுதியில் நின்றார். மண்டோர் குழாயடிக்கு வந்து, எந்தப் படத்துக்குப் போட வேண்டும் என்று உத்தரவு போட்டார். "சீட்டுல நம்பர் இருக்கும். யாரு யாருக்குப் போட்டீங்கன்னு மறுநாளே எனக்குத் தெரிஞ்சிடும். மாத்திப் போட்டவ வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான்."

எனக்கு வந்த கோபத்தில் அன்று சோறு வேகவில்லை. அடுப்பை மூட்டவே இல்லை, எப்படி வேகும்? தேர்தல் அறிவிப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "ஓட்டு ரகசியம். மண்டோருக்குத் தெரியாது, முதலாளிக்குத் தெரியாது. புருஷனுக்குக்கூடத் தெரியாது." கடைசி வரியைப் பெண்கள் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

பக்கத்து வீட்டுக் காமாட்சி மட்டும் அசையவில்லை. பிள்ளை பெற்று மூன்று வாரம். "தெரிஞ்சிடுச்சின்னா கைப்புள்ளய தூக்கிக்கிட்டு நான் எங்கக்கா போவேன்?"

"தெரியவே தெரியாது. நான் பொறுப்பு" என்றேன்.

தேர்தல் நாளில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று, சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனேன். எனக்குப் பிடித்தவருக்கு நேரே பெருக்கல் குறி போட்டேன். போட்டு முடித்ததும் மனசு ஆறவில்லை. இவ்வளவுதானா? ஊரையே கூட்டி வைத்து ஒரு குறிதானா கேட்கிறார்கள்? யார் போட்டது, எதற்காகப் போட்டது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? கையில் பென்சில் வேறு இருந்தது. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கிவிட்டேன். முன்பக்கம் இடம் போதாமல் பின்பக்கம் திருப்பினேன். பென்சில் முனை மழுங்கியதும் தலையை நீட்டி இன்னொன்று கேட்டேன்.

அதிகாரி தமிழர்தான். "என்னம்மா, ஒரு குறி போட இவ்ளோ நேரமா லா?" என்றார், எங்கள் ஊருக்கே உரிய 'லா'வோடு.

"அவசரப்படுத்தினா தப்பு வரும்ங்க" என்றேன்.

தப்பே இல்லாமல் எழுதி முடித்து, 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள ராசம்மா, 14ஆம் எண் வீடு' என்று கையெழுத்தும் போட்டு, பெட்டியில் போட்டுவிட்டு ராணி மாதிரி வெளியே வந்தேன்.

மண்டோருக்கு வேண்டியவர் தோற்றார். மறுநாள் சாயங்காலம் பெண்கள் குடத்தோடு நிற்கும்போது மண்டோர் வந்தார். ஓட்டு எண்ணும் இடத்தில் தன் ஆள் சார்பாக உட்கார்ந்திருந்தாராம். சந்தேகமான சீட்டுகளை அங்கே எல்லாத் தரப்புக்கும் காட்டுவார்களாம். இதை முன்கூட்டியே எனக்கு யார் சொன்னார்கள்?

"தெரியாதுன்னு சொன்னீங்களே" என்று ஆரம்பித்தார். "பதினாலாம் நம்பர் ராசம்மா யாருக்குப் போட்டான்னு சொல்லட்டா? குழாய்ப் பூட்டைப் பத்தி அவ எழுதினதையும் சேர்த்துச் சொல்லட்டா? அதே மாதிரி எல்லார் ஓட்டும் எனக்குத் தெரியும்."

ஒரு குடம் கீழே விழுந்தது. காமாட்சியுடையது. அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். மற்ற பெண்களும் பார்த்தார்கள். அந்த நிமிடம் எனக்கு இரண்டு வழிதான். வாயை மூடிக்கொண்டால் என் மானம் தப்பும், இவர்கள் ஆயுசுக்கும் மண்டோருக்குப் பயப்படுவார்கள்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்று கத்தினேன். "சீட்டுல பேரு எழுதி, வீட்டு நம்பர் போட்டு, கையெழுத்தும் போட்டது நான்தான். மனுன்னு நெனச்சி எழுதிட்டேன். அதனாலதான் என் ஓட்டு தெரிஞ்சிது."

"ஓட்டுச் சீட்டுலயா அண்ணி?" என்றான் தங்கவேலு. அவனும் குடத்தோடு நின்றான். முதல் சிரிப்பு அவனுடையதுதான். பிறகு குழாயடியே சிரித்தது. ஊருக்கெல்லாம் ரகசியத்தைப் பாடம் எடுத்தவளின் ஓட்டு மட்டும்தான் வெளியே வந்தது என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

சிரிப்பு அடங்குவதற்குள் நான் மண்டோரிடம் திரும்பினேன். "எல்லார் ஓட்டும் தெரியும்னீங்களே. காமாட்சி யாருக்குப் போட்டா? சொல்லுங்க."

மண்டோர் காமாட்சியிடமே போய், "நீயே சொல்லு. யாருக்குப் போட்டே?" என்றார்.

காமாட்சி பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "அது ரகசியம்ங்க மண்டோர்" என்றாள்.

அடுத்தவளைக் கேட்டார். ரகசியம். அதற்கடுத்தவள். ரகசியம். குனிந்தே பழகிய பெண்கள், வரிசையாக நிமிர்ந்து நின்று அதே வார்த்தையைச் சொன்னார்கள். மனு எழுதி நான் வாங்க முடியாத பதிலை அன்று மண்டோர் முகத்தில் பார்த்தேன். யாரை வீட்டைக் காலி பண்ணச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. என்னைச் சொல்லியிருக்கலாம். மற்றவர்கள் நின்ற நிலையைப் பார்த்து அதையும் விட்டுவிட்டார். ஒரு வாரத்தில் குழாயில் பூட்டைக் காணோம். எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

இத்தனை வருஷமாகத் தங்கவேலு விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. அந்த வரிசையில் கடைசியாக அவனையும் மண்டோர் கேட்டார். அவன் குடத்தைக் கீழே வைத்து, கையைக் கட்டிக்கொண்டு, "நான் உங்க ஆளுக்குத்தாங்க போட்டேன்" என்றான்.

தங்கவேலு, அடுத்த மாதம் சுவா சூ காங்கில் என் கடைசி மகள் கல்யாணம். மைக் வழக்கம்போல உன் கைக்குத்தான் வரும். கடுதாசிக் கதையைச் சொல். நானும் சிரிக்கிறேன். சொல்லி முடித்ததும் மைக்கைக் கீழே வைக்காதே. முன்வரிசையில் காமாட்சி இருப்பாள். நீ யாருக்குப் போட்டாய் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. மூன்று வாரப் பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் சொல்ல மாட்டேன் என்ற இடத்தில், பெண்டாட்டி பிள்ளை இல்லாத நீ ஏன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாய்? அதற்கு அங்கேயே, எல்லார் முன்னாலும் பதில் சொல்.