மூன்று கால் கொக்கு

கொக்குக்கு மூன்று கால் இருந்தது.

ரோலண்ட் ஜெஸ்கி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். மூன்றுதான். மை உலர்ந்து மேஜைமேல் குவிந்துகிடந்த டி-ஷர்ட்டுகளின் நடுவிலிருந்து ஒன்றை உருவினார். அதிலும் மூன்று. அடியிலிருந்து ஒன்றை இழுத்தார். அதிலும்.

"டார்லா, கொஞ்சம் வாயேன்."

சட்டை அச்சடிக்கும் அந்தக் கடையின் முன்பக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் அவர் மனைவி டார்லா கையில் காபியோடு வந்தாள். ஷர்ட்டைத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இது என்ன, அடிபட்ட கொக்கா? ஊன்றுகோல் வச்சிருக்கு?"

"அது பேட்."

"பேட்டுக்கு எதுக்கு முட்டி?"

பெல்க்கி ஃபால்ஸ் ஊருக்கென்று ஒரு காலத்தில் ஒரு பேஸ்பால் அணி இருந்தது. கொக்குகள் என்று பெயர். பெரிய அணிகளுக்கு ஆள் தயார் செய்து அனுப்பும் சின்ன அணி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் இழுத்து மூடிவிட்டார்கள். இந்த ஆண்டு கோடை விழாவுக்கு அந்த அணியின் பழைய சின்னம் போட்ட ஷர்ட் இருநூறு வேண்டும் என்று விழாக் குழு கேட்டிருந்தது. அந்தச் சின்னம் எப்படி இருக்கும் என்பதற்கு ஊரில் மிஞ்சியிருந்த ஒரே ஆதாரம், ரோலண்டின் பெரியப்பா வைத்திருந்த ஜாக்கெட்டிலிருந்து பிரித்தெடுத்த ஒரு கம்பளித் துண்டு. கொக்கு இரண்டு காலில் நிற்கிறது. இறக்கைக்கு அடியில் இடுக்கிய பேட்டின் நுனி தரையைத் தொடுகிறது. பூச்சி அரித்தது போக, அந்தத் துண்டில் பேட்டுக்கு நடுவே ஒரு மடிப்பும் விழுந்திருந்தது. ரோலண்ட் எதையும் மாற்றக்கூடாது என்ற பக்தியில் மடிப்பையும் சேர்த்து வரைந்துவிட்டார். போதாக்குறைக்குக் கால்களுக்கும் பேட்டுக்கும் ஒரே மஞ்சள் மை.

விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. வெற்று ஷர்ட் அனுப்பும் கம்பெனிக்குப் போன் போட்டார். மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

சரி, இருப்பதைச் சரிசெய்வோம் என்று பேட்டின்மேல் மட்டும் பழுப்பு மையை அடித்துப் பார்த்தார். அச்சு ஒரு விரல் அகலம் தள்ளி விழுந்தது. இப்போது கொக்கு மூன்றாவது காலுக்கு மட்டும் காலுறை போட்டுக்கொண்டது போல இருந்தது. டார்லா ஒரு யோசனை சொன்னாள். பேட்டின் நுனியில் ஒரு வெள்ளைப் பந்தைப் போட்டுவிட்டால் அது பேட் என்று யாருக்கும் புரிந்துவிடும். நல்ல யோசனைதான். ஆனால் பந்து விழுந்த இடம் சரியில்லை. முதல் ஷர்ட்டை டார்லா விரித்துப் பார்த்தாள்.

"முட்டை போட்டிருக்கு," என்றாள்.

அந்த வேளையில் கடைக் கதவின் மணி அடித்தது. வந்தவர் விழாக் குழுத் தலைவி ஆர்டித். ரோலண்டுக்கு மூன்றாம் வகுப்பில் பாடம் நடத்தியவர். ஓய்வு பெற்று இருபது வருஷமாகியும் ஊரில் பாதிப் பேர் அவரைக் கண்டால் வாயிலிருக்கும் சூயிங்கத்தை விழுங்கிவிடுவார்கள். ரோலண்ட் முட்டை ஷர்ட்டைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். மற்ற நூற்றித் தொண்ணூற்றொன்பதை ஒளிக்க முதுகு போதவில்லை.

ஆர்டித் ஒன்றை எடுத்து விரித்தார். எண்ணினார். உதடு அசைவதிலிருந்தே அவர் எண்ணுவது தெரிந்தது.

"ரோலண்ட், ஒரு பறவைக்கு எத்தனை கால்?"

ஐம்பத்திரண்டு வயது மனுஷனுக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது. இரண்டு என்று சொல்லியிருக்கலாம். தப்பு நடந்துவிட்டது என்றும் சொல்லியிருக்கலாம். ரோலண்டின் வாய் அவரைக் கேட்காமலே வேறு ஒன்றைச் சொன்னது.

"இந்தக் கொக்குக்கு மூணுதான் டீச்சர். அந்தக் காலத்துச் சின்னமே அப்படித்தான். ஒரு கால் நிக்க, ஒரு கால் ஓட, ஒரு கால் எதிராளியை உதைக்க."

டார்லாவின் கையிலிருந்த காபி தளும்பியது. ஆர்டித் ஷர்ட்டையும் ரோலண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. மூன்றாம் வகுப்பில் ரோலண்ட் ஒருமுறைகூடப் பார்த்திராத மலர்ச்சி.

"நீயாத் தேடிக் கண்டுபிடிச்சியா? உனக்குள்ள இப்படி ஒரு ஆள் இருக்கான்னு எனக்கு அப்பவே தெரியாமப் போச்சே," என்றார்.

அவர் போனதும் ரோலண்ட் அந்தக் கம்பளித் துண்டை ஒரு பையில் போட்டு, வீட்டு ஃப்ரீசரில் மான் இறைச்சிப் பொட்டலங்களுக்கு அடியில் புதைத்தார். ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், விழா முடிந்துவிடும் என்று டார்லாவிடம் சொன்னார். டார்லா தன் வாயைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றாள்.

இரண்டாம் நாளே ஊர்ப் பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் மூன்று கால் கொக்கு. 'மறைந்துபோன வரலாற்றை மீட்ட உள்ளூர் ஆய்வாளர்' என்று ரோலண்டின் படம். நின்று, ஓடி, உதைக்கும் கால்களின் விளக்கம் பெட்டி போட்டு வந்திருந்தது. பத்திரிகை அலுவலகத்தின் பழைய பிரதிகளெல்லாம் அறுபத்தைந்து வெள்ளத்தோடு போய்விட்டதால், சரிபார்க்க யாரிடமும் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் வினை. ஊர் ஞாபகப்படுத்திக்கொள்ள ஆரம்பித்தது. பாலாடைக்கட்டிக் கடைக்காரர், அந்த மூன்றாவது காலைப் பற்றித் தன் அப்பா சாகும்வரை பேசிக்கொண்டிருந்தார் என்று சத்தியம் செய்தார். நூலகத்தில் வேலை செய்யும் பெண்மணி, தன் அத்தைதான் அந்தக் காலை எம்ப்ராய்டரி போட்டவள் என்று கண் கலங்கினார். முடிவெட்டும் கடையில் இரண்டு கிழவர்கள், உதைக்கும் கால் வலதா இடதா என்று சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பேக்கரியில் மூன்று கால் பிஸ்கெட் போட்டார்கள். பத்து மணிக்குள் தீர்ந்தது.

ஒரு நாள் மதியம் ரோலண்ட் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு முடிவெட்டும் கடைக்காரரிடம், "ஒருவேளை அது பேட்டாக்கூட இருக்கலாம்," என்று மெல்ல ஆரம்பித்தார். கடைக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டு, எங்க அணியைக் கிண்டல் பண்ணாதீங்க என்றார். ரோலண்ட் அரை கிராப்போடு உட்கார்ந்திருந்தார்.

இருநூறு ஷர்ட்டும் விழாவுக்கு முன்பே போய்விட்டன. இன்னும் நானூறு வேண்டும் என்றார் ஆர்டித். வெற்று ஷர்ட் இல்லை என்று ரோலண்ட் தப்பிக்கப் பார்த்தார். ஆர்டித் பக்கத்து மாவட்டத்திலிருந்து தானே வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். இப்போதாவது ஒழுங்காக இரண்டு கால் போடு என்றாள் டார்லா. போட்டால் முதல் இருநூறும் பொய் என்றாகிவிடுமே என்றார் ரோலண்ட். முதல் தடவை தெரியாமல் வந்த மூன்றாவது காலை, இந்தத் தடவை தெரிந்தே, முட்டியோடு, நானூறு தரம் அச்சடித்தார்.

கடைசி ஷர்ட் உலர்ந்துகொண்டிருந்தபோது ஆர்டித்திடமிருந்து போன். அவருடைய பழைய மாணவி ஒருத்தி பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் நர்ஸ். அங்கே கொக்குகள் அணியில் களத்தில் இரண்டாவது பேஸ் என்ற இடத்தில் நின்று ஆடிய எமில் ஹால்வர்சன் என்பவர் உயிரோடு இருக்கிறாராம். எண்பத்தெட்டு வயது, நினைவு தெளிவாக இருக்கிறதாம். விழா மேடையில் அவர்தான் சின்னத்தைப் பற்றிப் பேசப்போகிறார்.

ரோலண்ட் போனை வைத்துவிட்டு அங்கிருந்த ஷர்ட் மூட்டையின்மேலேயே உட்கார்ந்தார்.

"போய் அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடு," என்றாள் டார்லா. "ஊர்ல ஒரு ஆளுக்காவது தெரிஞ்சிருக்கட்டும். மேடையில உன்னைக் கிழிக்காமலாவது விடுவார்."

மறுநாள் காலை டார்லா செய்துகொடுத்த செர்ரிப் பழ அப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு ரோலண்ட் முதியோர் இல்லத்துக்குப் போனார். எமில் ஹால்வர்சன் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான நெட்டை மனிதர். அவரே கொஞ்சம் கொக்கு மாதிரிதான் இருந்தார். மேஜையில் அந்த வாரப் பத்திரிகை. ரோலண்டைக் கண்டதும் அவர் நிமிர்ந்தார்.

"நீங்கதானே அந்த ஆராய்ச்சிக்காரர்?"

குரலில் ஏதோ கூர்மை இருந்தது போல ரோலண்டுக்குத் தோன்றியது. அப்படித்தான் போட்டுவிட்டார்கள் என்று முனகினார். சொல்லவேண்டியதை மனதுக்குள் கோத்துக்கொண்டார். வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, அந்தச் சின்னம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா என்று கேட்டார்.

எமில் நெடுநேரம் அவரையே பார்த்தார். முள்கரண்டியைக் கையில் எடுத்தார், ரோலண்ட் முன்னால் வைத்த அப்பத்தைத் தொடவில்லை.

"நீங்க சொன்னதா வந்ததை வரி விடாமப் படிச்சேன்," என்றார். "நாலு தடவை."

எமில் பத்திரிகையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பழைய ஆட்டக்காரர்கள் வேறு யாராவது விழாவுக்கு வருகிறார்களா என்று கேட்டார். யாரும் உயிரோடு இல்லை, நீங்கள் ஒருவர்தான் என்றார் ரோலண்ட். எமில் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார். அந்த மூச்சைக் கேட்டு ரோலண்டுக்கு மனசே உருகிவிட்டது. சேர்ந்து ஆடியவர்களெல்லாம் போய்விட்ட துக்கம். அந்த நேரத்தில் அவரிடம் போய் எப்படிச் சொல்வது, உங்கள் கொக்குக்கு நான் ஒரு கால் சேர்த்துவிட்டேன் என்று?

"சனிக்கிழமை மேடையில..." என்று ஆரம்பித்தார்.

"மேடையில என்ன சொல்லணுமோ அதைச் சொல்லிக்கிறேன்," என்றார் எமில், ஜன்னலைப் பார்த்தபடி. "நீங்களும் அங்க இருப்பீங்கல்ல?"

இருப்பேன் என்று சொல்லிவிட்டு ரோலண்ட் வெளியே வந்தார். அது மிரட்டல்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

சனிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. ஆற்றங்கரைப் பூங்காவில் அறுநூறு மூன்று கால் கொக்குகள் நடமாடின. கைக்குழந்தைகள் போட்டிருந்தன. பாதிரியார் அங்கியைக் கழற்றிவிட்டுப் போட்டிருந்தார். பேச்சை நிறுத்தியிருந்த இரண்டு கிழவர்களும் ஒரே பெஞ்சில் ஒரே ஷர்ட்டில் உட்கார்ந்து, ஒரே தட்டிலிருந்து பாலாடைக்கட்டி வறுவல் தின்றுகொண்டிருந்தார்கள். காகித ஆலை மூடிய பிறகு இந்த ஊர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து ரோலண்ட் பார்த்ததில்லை. இன்னும் கால் மணியில் இது அத்தனையும் நாசமாகப் போகிறது. அவர் சாஸேஜ் சுடும் அடுப்புக்குப் பின்னால், புகை அதிகமாக இருந்த பக்கமாகப் பார்த்து நின்றுகொண்டார். டார்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓடாமல் இருக்கவா ஆறுதலுக்கா என்று அவருக்குத் தெரியவில்லை.

எமிலை அவருடைய மகள் கிரெட்சன் சக்கர நாற்காலியில் மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஆர்டித் மைக்கை அவர் கையில் கொடுத்து, நம் கொக்கைப் பற்றி, அதை நெஞ்சில் சுமந்த நீங்களே சொல்லுங்கள் என்றார்.

எமில் கூட்டத்தைத் துழாவினார். வரிசை வரிசையாகத் தேடி, புகைக்கு நடுவில் ரோலண்டைக் கண்டுபிடித்து, அங்கேயே பார்வையை நிறுத்தினார். ரோலண்ட் தலையைக் குனிந்துகொண்டார். சாஸேஜ் சீறும் சத்தம் மட்டும் கேட்டது.

எமிலின் கை மெல்ல மேலே போனது. மூன்று விரல்.

"மூணு," என்றார். "ரோலண்ட் ஜெஸ்கி சொன்ன ஒவ்வொரு எழுத்தும் உண்மை. அதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்ல."

பூங்கா அதிர்ந்தது. யார் யாரோ ரோலண்டின் முதுகில் தட்டினார்கள். ஆர்டித் மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரோலண்டுக்கும் கண்ணீர் வந்தது. புகை என்று டார்லாவிடம் சொன்னார். எவ்வளவு பெரிய மனுஷன். தன் அணியின் உண்மையான சின்னத்தையே விட்டுக்கொடுத்து, முன்பின் தெரியாத ஒரு சட்டைக்காரனின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறான்.

கூட்டம் கலைந்ததும் ரோலண்ட் வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கு விரைந்தார். எமில் முன் சீட்டில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தார். கிரெட்சன் சக்கர நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தாள். ரோலண்ட் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டார். மடிப்பு, மஞ்சள் மை, டீச்சர், ஃப்ரீசர், தெரிந்தே அடித்த நானூறு. உங்க அப்பா நினைச்சிருந்தா என்னை அங்கேயே முடிச்சிருக்கலாம், அவருக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல என்றார்.

கிரெட்சன் அவரை ஒருமுறை பார்த்தாள். தூங்கும் அப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு வண்டிமேல் சாய்ந்துகொண்டு, சத்தம் வராமல் தோள் குலுங்க வெகுநேரம் சிரித்தாள்.

"அப்பா ஜென்மத்துல பேட்டைக் கையால தொட்டதில்ல, மிஸ்டர் ஜெஸ்கி; ஹோம்ல அந்த ஜன்னலோர மேஜை கிடைக்கணும்னு கொக்கு அணியில ஆடினேன்னு அளந்து வச்சிருந்தார், நீங்க வந்துட்டுப் போனதுலேருந்து, 'அந்த ஆராய்ச்சிக்காரன் என்னைக் கண்டுபிடிச்சிட்டான், மேடையில வச்சுக் கிழிக்கப்போறான்'னு மூணு நாளா சாப்பாடே இறங்கல அவருக்கு."