பதினொரு நாள் நான் ஏழாம் நம்பர் ஆடு

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத்தில் பதினொரு நாள் நான் செம்மறி ஆடாக இருந்திருக்கிறேன். அதுவும் பெண் ஆடு. நம்பர் ஏழு. அதற்கான ஆதாரம் எங்கள் வீட்டு ஹாலில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஃபிரேம் போட்டுத் தொங்குகிறது. (வருகிறவர்கள் முதலில் மணி பார்ப்பார்கள். அடுத்து அதைப் பார்ப்பார்கள். அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சொந்த ஊர் அரக்கோணம். வேளாண்மை படித்துவிட்டு, நகரத்துக்கு வெளியே ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் புராஜெக்ட் அசிஸ்டெண்டாகச் சேர்ந்திருந்தேன். நாச்சாரத்தில் ஒரு ஃபேக்டரிக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருப்பு. பண்ணைக்குப் போக இரண்டு பஸ், திரும்பி வர இரண்டு பஸ். திறமை என்று பார்த்தால் எனக்கு ஒன்றுதான் இருந்தது: கனவு காண்பது. கண் திறந்திருக்கும், உள்ளே ஆள் இருக்க மாட்டான். "எங்கடா போய்ட்ட?" என்றுதான் அம்மா என்னை அதிகம் கேட்டிருப்பாள். நான் அவள் எதிரேயே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

பண்ணையில் பெரிய மாந்தோப்பு இருந்தது. மரங்களுக்கு நடுவே புல் முழங்கால் உயரத்துக்கு மண்டும். மெஷினால் அறுப்பார்கள், இல்லாவிட்டால் மருந்தடிப்பார்கள். எங்கள் புராஜெக்ட் தலைவி பத்மஜா மேடம், அந்தப் புல்லை ஆடு மேய்ந்தால் என்ன என்று கேட்டார். புல் குறையும், புழுக்கை உரமாகும், ஒரே நிலத்தில் மாம்பழமும் ஆடும். ஆனால் ஆடு மரப்பட்டையைக் கடித்துத் தோப்பையே நாசமாக்காது என்று நிரூபிக்க வேண்டும். அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தோம்.

ஆடுகள் எல்லய்யாவுடையவை. பக்கத்து ஊர்க்காரர், ஐம்பது வயது, மொத்தம் நாற்பது உருப்படி. அவர் வழக்கமாக மேய்த்த பொதுநிலமெல்லாம் பிளாட் போட்டு, கல் நட்டு, வண்ணக்கொடி கட்டியாகிவிட்டது. கோடையில் அவருக்குப் பச்சை என்று மிச்சமிருந்தது எங்கள் தோப்புதான். கமிட்டி எங்கள் முடிவை ஒப்புக்கொண்டால் தோப்பின் கேட் அவருக்குத் திறந்தே இருக்கும். ஒப்புக்கொள்ளாவிட்டால் கேட்டை மூடிவிடுவார்கள். "மூடிட்டா ஆட்டையெல்லாம் வித்துடுறதுதான் சாரு, வேற என்ன பண்றது?" என்று ஒரு நாள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னார். (அவர் தெலுங்கில் சொன்னது. பண்ணையில் எல்லோரும் பேசியது தெலுங்கும் இங்கிலீஷும்தான். உங்கள் வசதிக்காகத் தமிழில் தருகிறேன்.)

பன்னிரண்டு ஆடுகளின் கழுத்தில் ஆளுக்கொரு கறுப்பு டப்பா கட்டியிருந்தோம். நிமிஷத்துக்கொரு தடவை ஆடு எங்கே நிற்கிறது, தலை குனிந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று அதுவே பதிந்துகொள்ளும். தலை குனிந்தால் மேய்கிறது. அசையாமல் கிடந்தால் படுத்து அசைபோடுகிறது. டப்பாவின் அறிவு அவ்வளவுதான். என் வேலை கூடவே நடந்து, டப்பா கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்வது.

இரண்டாவது வாரம் ஏழாம் நம்பருக்கு வார் உரசிக் கழுத்தில் புண் வந்துவிட்டது. எல்லய்யா பிடித்துக் காட்டினார். "பாவம் சாரு, கழட்டிடுங்க."

கழற்றினேன். சட்டப்படி நான் செய்திருக்க வேண்டியது, டப்பாவை அணைத்து, நோட்டில் காரணம் எழுதி, மேடத்திடம் சொல்வது. மொத்தம் இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அதற்கு முந்தின நாள்தான் மேடம் எங்களையெல்லாம் நிற்க வைத்து, "டேட்டாவில் ஓட்டை விழுந்தால் அந்த ஓட்டை வழியாகப் புராஜெக்டே விழுந்துவிடும்" என்று கத்தியிருந்தார். எனக்கு அந்த ஓட்டை கண்ணெதிரே தெரிந்தது. எல்லய்யா, நாற்பது ஆடுகள், நான், எல்லோரும் வரிசையாக அதில் விழுந்துகொண்டிருந்தோம். அதனால் டப்பாவை என் கழுத்தில் கட்டிக்கொண்டேன்.

(சிரிக்காதீர்கள். அந்த வயதில் அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. நானும் ஆட்டோடுதானே நடக்கிறேன்? ஆடு நிற்கும் இடத்தில்தானே நிற்கிறேன்? புண் ஆறியதும் அதனிடமே திருப்பிக் கட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?)

எல்லய்யா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொம்பு மட்டும்தான் பாக்கி சாரு" என்றார்.

மாந்தோப்புக்குள் மத்தியானம் ஒரு மணிக்கு யாராவது போய்ப் பாருங்கள். வெளியே ரோடு கொதித்துக்கொண்டிருக்கும். உள்ளே வெளிச்சமே பச்சையாகத்தான் இறங்கும். பூ வாசனையும் புழுக்கை வாசனையும் கலந்து ஒரு மயக்கம். நாற்பது வாய் ஒரே நேரத்தில் புல்லைக் கடிக்கும் சத்தம் இருக்கிறதே, எங்கோ தூரத்தில் தூறல் ஆரம்பித்து, கிட்டே வராமல் அங்கேயே பெய்துகொண்டிருப்பது போல இருக்கும். முதல் நாள் வடகிழக்கு மூலையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன் (இது தயிர்சாத டப்பா). குனிந்து சாப்பிட்டேன். சும்மா ஒரு நிமிஷம் சாய்ந்தேன்.

கண் திறந்தபோது நிழல் மரத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. நடுவில் நான் டில்லிக்குப் போய் வந்திருந்தேன். பெரிய மேடை, எனக்குச் சால்வை. முன்வரிசை முழுக்க ஆடுகள், ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தன. அவ்வளவு மரியாதையை நான் முழித்திருக்கும்போது யாரும் தந்ததில்லை. மறுநாளும் அதே மரத்தடிக்குப் போனேன். அதற்கடுத்த நாளும்.

சாயங்காலம் ஆடுகள் எல்லய்யாவோடு பட்டிக்குப் போகும். டப்பாவை ஆபீஸில் வைத்தால் மேடம் பார்த்துவிடுவார் என்று பைக்குள் போட்டு அறைக்கு எடுத்துப்போவேன். அணைக்க வேண்டும் என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லையே!

அந்த வாரம்தான் அம்மா போன் செய்தாள். "டேய், பேகம்பேட்ல ஒரு பொண்ணு. நம்மூர்க்காரங்கதான், தாத்தா காலத்துலயே ரயில்வேல அங்க போய்ட்டவங்க. ஞாயித்துக்கெழம நீ போய்ப் பாத்துட்டு வா, புடிச்சிருந்தா நாங்க வரோம். நல்ல சட்டையா போட்டுக்கினு போ. அங்க போய் உக்காந்துக்கினு கனா காணாத, இன்னா?"

போனேன். டப்பா கிடந்த பை வழக்கம்போலத் தோளில் இருந்தது. நாலு மாடி அபார்ட்மென்ட். கேட் வரைக்கும் தைரியமாகத்தான் நடந்தேன். கேட்டைப் பார்த்ததும் கால் தானாகத் திரும்பியது. கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, 'வணக்கம்' சொல்லிப் பழகினேன். சரியாக வரவில்லை. இன்னொரு சுற்று. வியர்த்துவிட்டது, காய வேண்டுமே, அதற்கொரு சுற்று. வாட்ச்மேன் எழுந்து வந்து, "கோன் ஹோனா பாய்?" (யார் வேணும்?) என்று கேட்ட பிறகுதான் மூன்றாவது மாடிக்கு ஏறினேன்.

பெண்ணின் பெயர் ரேகா. ஸ்கூலில் இந்தி டீச்சர். "பஸ் லேட்டு" என்றேன்.

"ஹவ்?" என்றாள். (அவர்கள் வீட்டுத் தமிழில் 'ஆமாம்' என்பதற்கும் 'அப்படியா' என்பதற்கும் அந்த ஒரே வார்த்தைதான்.) உதட்டோரம் ஏதோ சிரிப்பு மாதிரி தெரிந்தது. என் அழகைப் பார்த்து என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொன்றாம் நாள் ஏழாம் நம்பரின் புண் ஆறியது. டப்பாவை அதன் கழுத்திலேயே கட்டிவிட்டு, பிறவிப் பயனை அடைந்ததுபோல வீட்டுக்குப் போனேன்.

அடுத்த மாதம் கமிட்டி வந்தது. ஏசி ஹாலில் பெரிய திரை. கமிட்டியில் இரண்டு பேர். ஒருவர் தோட்டக்கலை நிபுணர், ஆடு என்றாலே ஆகாதவர். (நாங்கள் வைத்த பெயர் மாங்காய் சார்.) இன்னொருவர் வயதான கால்நடை டாக்டர். கடைசி வரிசையில் வெளுத்த வேட்டியும் புதுத் தலைப்பாகையுமாக எல்லய்யா, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

மேடம் திரையில் தோப்பைக் காட்டினார். ஆட்டுக்கொரு நிறம். நம்பர் ஏழு ஊதா. "இந்த ஆட்டைப் பாருங்கள்" என்றார், குரலில் அவ்வளவு பெருமை. "தினமும் ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் மேய்கிறது. பிறகு இதே மரத்தடியில் இரண்டரை மணி நேரம் அசையாமல் படுத்து அசைபோடுகிறது. எவ்வளவு நிம்மதி இருந்தால் ஒரு பிராணி இப்படிப் படுக்கும்! மரத்தை ஒரு தடவைகூடத் தொடவில்லை."

நான் நாற்காலியில் சரிந்து, முன்னால் இருந்தவர் தலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மாங்காய் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "தோப்புக்குள் யோக்கியமாகத்தான் இருக்கும். வேலி தாண்டிப் பக்கத்து நாற்றங்காலுக்குப் போகிறதா? படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக் காட்டுங்கள்."

மேடம் சின்னதாக்கினார். ஊதாக் கோடு தோப்பை விட்டு வெளியே வந்தது. இன்னும் சின்னதாக்கினார். கோடு மெயின் ரோட்டைப் பிடித்து, நாச்சாரம் வரைக்கும் போனது. ஒரு கிளை பேகம்பேட் பக்கம் திரும்பியது.

"இது வேலி தாண்டுகிற ஆடு இல்லை, பஸ் ஏறுகிற ஆடு" என்றார் மாங்காய் சார்.

கால்நடை டாக்டர் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பேகம்பேட்டை உற்றுப் பார்த்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், பஸ் விஷயம் விழவில்லை. "அய்யய்யோ, ஒரே பக்கமாக மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறது" என்றார் உண்மையான கவலையோடு. "மூளையில் புழுக்கட்டி இருந்தால்தான் செம்மறி இப்படிச் சுற்றும். உடனே தலையைப் பரிசோதிக்க வேண்டும்."

நாச்சாரத்தில் கோடு முடிந்த இடத்தை மேடம் பார்த்தார். அப்புறம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

எழுந்து நின்றேன். புண், டப்பா, மரத்தடி, பெண் பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னேன். எந்த வரிசையில் சொன்னேன் என்று தெரியாது. டில்லிக் கனவையும் சொல்லிவிட்டேன் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மாங்காய் சார் பேனாவை மூடினார். "ஒன்று பொய்யென்றால் மற்ற பதினொன்றை எப்படி நம்புவது? முடித்துக்கொள்ளலாம்."

நான் எல்லய்யாவைப் பார்த்தேன். என் வேலை போவது அப்போது ஞாபகத்திலேயே இல்லை. அந்தப் புதுத் தலைப்பாகையைத்தான் தாங்க முடியவில்லை. அவர் எழுந்தார், கும்பிட்டார்.

"தூங்கினது இந்த சாரு. ஆடுங்க தூங்கல. மனுசன் பண்ணதுக்கு ஆட்டை வெளிய தள்ளுனா எப்படி சாரு? டப்பாவே வேண்டாம். வந்து உக்காந்து கண்ணால பாருங்க. ஒரு மரத்துப் பட்டையைக் கடிச்சிருந்தா நானே கேட்டைச் சாத்திட்டுப் போறேன்."

கால்நடை டாக்டருக்கு இது மட்டும் எப்படியோ தெளிவாகக் கேட்டுவிட்டது. "நியாயம்தானே" என்றார்.

மாங்காய் சார் மூடிய பேனாவைத் திரும்பத் திறந்தார். இன்னொரு கோடை முழுக்கத் திரும்பச் செய்யுங்கள் என்றார். டப்பா ஒரு பக்கம் இருக்கட்டும், கூடவே ஒரு ஆள் உட்கார்ந்து, கால்மணிக்கொரு தடவை ஒவ்வொரு ஆடும் என்ன செய்கிறது என்று கையால் எழுத வேண்டும். யார் அந்த ஆள் என்று யாரும் கேட்கவில்லை. ஆக, என் புண்ணியத்தில் கேட் இன்னொரு கோடைக்குத் திறந்திருந்தது.

அன்று சாயங்காலம் ரேகாவுக்குப் போன் செய்து, பஸ் லேட்டில்லை, மூன்று சுற்றுச் சுற்றினேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்ஜி. பால்கனிலேர்ந்து பார்த்துட்டேதான் இருந்தோம். மூணாவது சுத்துல நான் கீழ வந்து கூட்டிட்டு வரேன்னேன். அப்பாதான் நக்கோ, போகாத, தானா வரட்டும்னார்."

அந்தக் கோடை முழுக்க முழித்திருந்தேன். (கண்ணில் வெங்காயம் தேய்த்துக்கொண்டாவது.) நிஜ ஏழாம் நம்பர் மத்தியானத்தில் படுக்கவே இல்லை. பின்னங்காலில் எழும்பித் தாழ்ந்த கிளை இலைகளைக் கடித்தது, அதையும் எழுதினேன். ஆனால் பட்டையை ஒரு ஆடும் தொடவில்லை. கடைசி நாள் மாங்காய் சாரே வந்து, மரம் மரமாகக் குனிந்து பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். எல்லய்யா கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு மேடம் தந்த பரிசுதான் ஹாலில் தொங்கும் அந்த வரைபடம், ஊதாக் கோட்டோடு. மணமேடையில் அக்னியை மூன்று சுற்றுச் சுற்றச் சொன்னபோது, "இவர் அட்வான்ஸா சுத்திட்டார் சாமி" என்று ரேகா ஐயரிடமே சொல்லிவிட்டாள். இன்றைக்கும் நான் எதையாவது மறந்தால் அவள் கோபப்படுவதில்லை, மூளைப் புழு என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எல்லய்யாவிடமிருந்து போன் வரும். எங்கள் மகள்தான் எடுப்பாள். தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் சொல்லுவாள். எல்லய்யா எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்: "ஏடோ நம்பரு மேஸ்துந்தா, படுகுந்தா?" ஏழாம் நம்பர் மேய்கிறதா, படுத்துவிட்டதா?

அவள் சோபாவில் கிடக்கும் என்னை எட்டிப் பார்த்துவிட்டு, "படுகுந்தி!" என்று கத்துவாள்.

நான் போனை வாங்கி, "எங்க இருக்கீங்க?" என்பேன். "தோப்புல சாரு, வேற எங்க?" என்று சொல்லி, நான் கேட்காமலேயே போனை ஆடுகள் பக்கம் நீட்டுவார். புல் கடிக்கும் அந்தத் தூறல் சத்தம் வரும். அதற்குமேல் அவர் என்ன பேசினார் என்று இதுவரை எனக்குத் தெரியாது.