இருபது கிலோவுக்குள் ஓர் உலகம்

காஞ்சிபுரத்துக் கோயில்களை எண்ணி முடித்தவர்கள் இருக்கலாம். குண்டுமணியை ஏமாற்றி ஒரு கிராம் கடத்தியவர் மட்டும் பிறக்கவே இல்லை.

பட்டு சொசைட்டியில் நெசவாளிகளுக்கு நூலை நிறுத்துக் கொடுப்பதும், நெய்து வரும் புடவையை நிறுத்து வாங்குவதும் அவர் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. தங்கம் நிறுக்கும் அந்தச் சிவப்பு விதையளவு பிசகைக்கூட விடமாட்டார் என்பதால் ஊர் வைத்த பெயர் குண்டுமணி. ஆளென்னவோ நிலைக்கதவு உயரம்.

தராசு இல்லாத இடத்திலும் கை சும்மா இருக்காது. காப்பிக் கடையில் வடையை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்து, "நேத்தைக்கு இன்னிக்கு ரெண்டு கிராம் கொறையுதேப்பா, ஊர்ல உளுந்து இல்லியா?" என்பார். கல்யாண வீட்டில் குழந்தையைத் தூக்கினால் கொஞ்சமாட்டார். "ஆறே முக்கால்" என்று சொல்லி இறக்கி விடுவார். தாய்மார்கள் மிளகாய் சுற்றிப் போட ஓடுவார்கள்.

புடவை எடை குறைந்தால் தண்ணீர் தெளித்து மடித்துக் கொண்டு வருகிறவர்கள் சிலர் உண்டு. அப்படி ஒருவர் நீட்டிய புடவையைத் தராசில் வைக்காமலே, "உள்ளார கால் டம்ளர் தண்ணி இருக்குது. பொடவை இங்கியே இருக்கட்டும். தண்ணி ஊட்டுக்குப் போனதும் எடை சொல்றேன்" என்றார். அந்த மனிதர் மூன்று நாள் வெயிலைத் திட்டிக்கொண்டே சொசைட்டி வாசலில் நின்றார்.

இந்த மனிதரிடம்தான் என் தலைவிதி போய்ச் சேர்ந்தது. எழுபதுகளின் தொடக்கம். இங்கிலாந்தில் சாய வேதியியல் படிக்க எனக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்திருந்தது. விமானத்தில் பெட்டி இருபது கிலோவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கூடுதல் பணம் கட்டுவதற்கு எங்களிடம் வழியில்லை. அங்கேயே திறந்து எதையாவது எடுத்துப் போட்டுவிட்டு ஏற வேண்டியதுதான். எதை? புத்தகங்களையா, குளிருக்கு இருந்த ஒரே கம்பளிக் கோட்டையா? ஒரு வாரமாக இரண்டையும் பெட்டியில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன்.

அம்மாவின் ஏற்பாட்டில் பெட்டி முப்பத்தொரு கிலோ. குண்டுமணி வந்தார். தூக்கினார். கீழே வைத்தார்.

"ஏன் தங்கச்சி, பொண்ணு படிக்கப் போவுதா, மளிகைக்கடை வெக்கப் போவுதா?"

"போற எடத்துல இன்னா கெடைக்குமோ அண்ணே!"

"அதுக்கு இட்லிப் பானையா? அவங்க ஊர்ல பானையே கெடையாதா?"

"பானை இருக்கும். ஓட்டை போட்ட தட்டு இருக்குமா?"

இரண்டு நாள் நடந்தது அந்த அறுவை சிகிச்சை. புளியிலிருந்து கொட்டையும் நாரும் போயின: "கொட்டைக்குமா ஏரோப்ளேன் டிக்கெட்டு?" புத்தகங்கள் தடித்த அட்டையை இழந்தன. கோட்டின் பித்தளைப் பொத்தான்களை அறுத்துவிட்டு பிளாஸ்டிக் பொத்தான் தைத்து வந்தார். பதினெட்டு கிராம் மிச்சமென்று கருடசேவை பார்த்துவிட்டு வந்த முகம் அவருக்கு. இட்லிப் பானை பெட்டியை விட்டு இறங்கிய பிறகு அம்மா அரைமணி நேரம் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் பத்தொன்பது கிலோ நானூறு கிராம். பூட்டச் சொன்னார்.

"இன்னும் அறுநூறு கிராம் இருக்குதே அண்ணே! பருப்புப்பொடி ஒரு பொட்டலம்..."

"வாணாம்."

"ஏன் வாணாம்?"

"காத்துக்குன்னு வெச்சுக்கோயேன். பூட்டு."

ஒரு கிராமுக்கு ஊரோடு சண்டை போடுகிறவர் அறுநூறைக் காற்றுக்கு விடுகிறார்! அவருக்கு வயசாகிவிட்டது என்று அம்மா தீர்மானித்தாள்.

மீனம்பாக்கத்துக்கு அவரும் வந்தார். என்னை வழியனுப்ப அல்ல, அங்கிருக்கும் தராசைப் பார்க்க. கவுண்டரில் டை கட்டி நின்றவரிடம் முதல் கேள்வியே, "ஏம்பா, இதுக்குக் கடைசியா எப்ப முத்திரை போட்டாங்க?"

"சார், இது ஏர்போர்ட்."

"இருக்கட்டும்பா. முள்ளு பூஜ்யத்துல நிக்கல, குனிஞ்சு பாரு."

அவர் குனிந்து பார்த்தார். பிறகு மரியாதையாகத் திருகிச் சரிசெய்தார்.

பெட்டி ஏறியது. முள் புறப்பட்டது. பத்தொன்பது நானூறில் நிற்க வேண்டியது, நிற்கவில்லை. ஐநூறு. எழுநூறு. கோட் போயிற்று என்று நினைத்தேன். பனி என் முதுகில் இங்கேயே இறங்கிவிட்டது. தொள்ளாயிரத்தில் முள் இரண்டு தரம் தலையாட்டிவிட்டு நின்றது. டை கட்டியவர் சீட்டைக் கட்டினார். ஒரு வாரமாக உள்ளே அடைத்து வைத்திருந்த மூச்சு மொத்தமும் வெளியே வந்தது. அந்த நிமிடத்தில் என்னைத் தராசில் ஏற்றியிருந்தால் முள் அசைந்திருக்காது.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அரைக் கிலோ. பொடிதானே?" என்றார் குண்டுமணி.

"பொடிதான் அண்ணே. கோட்டுக் கைக்குள்ளார சொருவிட்டேன்."

"தெரியும். ஒளிச்சு வெக்காம பொண்ணை அனுப்புற அம்மாவை நான் இன்னும் பாக்கல. அதுக்குத்தான் அறுநூறு விட்டேன். நூறு மிச்சம் இருக்குது. மடியில வேற எதுனா இருந்தா குடு."

இருந்தது. சுண்டைக்காய் வற்றல். பெட்டி உள்ளே போய்விட்டதால் அது என் கைப்பையில் ஏறியது.

அங்கே முதல் மாதங்கள் சுலபமாக இல்லை. நாலு மணிக்கே அணைந்துவிடும் பகல். உப்பென்று ஒன்று இருப்பதையே அறியாத உருளைக்கிழங்கு. வகுப்பில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு எனக்கு மட்டும் தாமதமாகப் புரியும் நகைச்சுவை. பொடி தீர்ந்த வாரம் குண்டுமணியிடமிருந்து ஏர்மெயில் வந்தது. நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "போகும்போது நீ நாற்பத்தாறு கிலோ முந்நூறு. இப்போது எவ்வளவு?"

நான் நாற்பத்திரண்டு சொச்சத்தில் இருந்தேன். அம்மா காதுக்குப் போனால் திரும்பி வா என்பாள். "ஐம்பது கிலோ. நன்றாக இருக்கிறேன் மாமா" என்று எழுதிப் போட்டேன்.

பதில் மூன்று வரி.

"நிஜமான எடை இவ்வளவு முழுசாக வராது கண்ணு. அம்மாவிடம் ஐம்பது என்றே சொல்லியிருக்கிறேன். நீ திரும்பி வருவதற்குள் சாப்பிட்டு அந்த ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்துவிடு."