நூறு புளொக்

தொலைபேசி அடித்தபோது நிமலன் கிணற்றடியில் குப்புறப் படுத்து ஒரு தவளையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அரை மணி நேரமாகத் தவளை நன்றாக ஒத்துழைத்தது. தொலைபேசிதான் ஒத்துழைக்கவில்லை.

"ஆர், நிமலனே? புளொக் போடுற நிமலன்?"

நிமலன் எழுந்து உட்கார்ந்தான். தவளை போய்விட்டது. போகட்டும். நாலு வருடமாக அவன் இணையத்தில் புளொக் எழுதுகிறான், ஒருவர்கூட அவனை அப்படி அழைத்ததில்லை. சொந்த ஊரான சரவணையில், பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்யும் அவன் 'பள்ளிக்கூடக் கந்தோரில நிக்கிற நிமலன்'. அதற்கு மேல் ஊருக்கு எதுவும் தேவைப்படவில்லை.

கலை, அறிவியல், கல்வி, ஒளிப்படம் என்று அவனுடைய புளொக்கில் நாலு பிரிவு. ஒருநாள் பழைய கோட்டைச் சுவரின் சுண்ணாம்பைப் பற்றி எழுதுவான். அடுத்த நாள் நிலாவில் ஏன் சத்தம் கேட்காது என்பான். அதற்கடுத்த நாள் ஒன்பதாம் வாய்ப்பாட்டை மறக்காமலிருக்க வழி சொல்வான். இதுவரை இருநூறுக்கு மேல் எழுதிவிட்டான். எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று பக்கத்தின் மூலையில் ஓர் எண் தெரியும். அதில் பாதி, அவனே எழுத்துப் பிழை பார்க்கப் போனது. மீதி யாரென்று தெரியாது. உண்மையான வாசகர் ஒரே ஒருவர் வந்து, 'வாசிச்சனான்' என்று சொன்னால் போதும் என்று நிமலன் ஏங்கிக்கொண்டிருந்தான். மனைவி யசோதராவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

"ஓம், நான்தான் கதைக்கிறன். நீங்கள்?"

"நான் நெடுந்தீவிலயிருந்து பஸ்ரியாம்பிள்ளை. எங்கட வாசிகசாலைக்கு உம்மட புளொக் வேணும். இஞ்ச எடுக்கேலாமல் கிடக்கு. நல்லதாப் பாத்து ஒரு நூறு கொண்டு வாருமன். கட்டுறதுக்கு இஞ்ச ஆள் இருக்கு. மாதா திருநாளுக்கு முதல் முடிச்சமெண்டால், உம்மையும் மேடையில கூப்பிட்டுக் கெளரவிப்பம்."

"கட்டாயம் ஐயா. கொண்டு வாறன்."

இலக்கம் எங்கே கிடைத்தது என்று அவன் கேட்கவில்லை. எதை, எப்படிக் கொண்டுபோவது என்றும் கேட்கவில்லை. 'கெளரவிப்பம்' என்ற சொல்லுக்குப் பிறகு அவனுடைய காது வேலை செய்யவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதிபர் முதல் காவலாளிவரை எல்லோருக்கும் செய்தி சொல்லியாயிற்று. பேஸ்புக்கில் 'நெடுந்தீவு அழைக்கிறது' என்று, கையைக் கன்னத்தில் வைத்த படத்தோடு போட்டாயிற்று. பின்னேரம் குசினிக்குள் போய் யசோதராவிடமும் சொன்னான்.

"நூறு புளொக்கோ?" என்றாள் அவள்.

"ஓம்."

"கட்டுறதுக்கு ஆள் இருக்காமோ?"

"ஓம்."

"வாசிகசாலைக்கு."

"ஓமப்பா. ஏன் திருப்பித் திருப்பிக் கேக்கிறீர்?"

யசோதரா அகப்பையைக் கீழே வைத்தாள். சிரிப்பதற்கு வசதியாக ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "இஞ்சருங்கோ, அவை கேட்டது புளொக் கல்லு. சீமெந்துக் கல்லு. சுவர் கட்டுறதுக்கு."

நிமலன் மறுத்துப் பேச வாயைத் திறந்தான். நூறு. கட்டுவது. அங்கே எடுக்க முடியாதது. ஒவ்வொன்றும் போய்ச் சரியாகச் சுவரிலே உட்கார்ந்தது. நாலு வருடத்தில் கிடைத்த ஒரே வாசகர் கல் வாங்க வந்தவர் என்பது அவனுக்கு நிஜமாகவே வலித்தது.

"எடுத்து இல்லையெண்டு சொல்லுங்கோவன். அதில என்ன கிடக்கு?"

"ஏலாது. எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். கல்லுக்காரன் எண்டு நினைச்சுக் கூப்பிட்டவையாம் எண்டு தெரிஞ்சால் பள்ளிக்கூடத்தில தலை நிமிர்த்தேலாது."

"அப்ப என்ன செய்யப் போறியள்?"

"முதல்ல வடிவா விசாரிக்கிறன்."

நேராகக் கேட்டால் வெட்கக்கேடு என்பதால் சுற்றி வளைத்துக் கேட்பதென்று முடிவு செய்தான். நெடுந்தீவுக்கு எடுத்த அழைப்பு விட்டு விட்டுத்தான் கேட்டது.

"ஐயா, பெரிசோ, சின்னனோ வேணும்?"

"ரண்டும் கலந்து கொண்டு வாரும். வறண்டு காய்ஞ்சது வேண்டாம் தம்பி. ஈரமுள்ளதாப் பாத்து எடும்."

"ஈரமோ?"

"ஓம். ஈரம் இருந்தால்தானே பிடிக்கும். படம் போட்டதும் கொஞ்சம் வேணும். மற்றது..."

தொடர்பு அறுந்தது. நிமலனுக்கு இருந்த சந்தேகமும் அத்தோடு அறுந்தது. கல்லில் ஈரம் இருந்தால்தான் சாந்து பிடிக்கும். அது அறிவியல். அந்த மனிதருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று ஒரு மரியாதைகூட வந்தது.

"படம் போட்டது எண்டால்?" என்று யசோதராவிடம் கேட்டான்.

"பூக்கல்லாக்கும், பூ வேலை செய்த கல்லு," என்றாள் அவள். அவளுக்கு இப்போது பொழுது நன்றாகப் போயிற்று.

புளியங்கூடலில் சின்னக்குட்டி என்பவர் சீமெந்தை அச்சில் வார்த்துக் கல் அரிந்து விற்கிறார். நிமலன் சைக்கிளில் அவரிடம் போனான்.

"மூண்டு மாசத்துக்கு எனக்கு மூச்சு விட நேரமில்லை தம்பி. வேணுமெண்டால் பழைய அச்சைத் தாறன், நீரே அரியும். அரியத் தெரியுமோ?"

"அதைப் பற்றி வாசிச்சிருக்கிறன் அண்ணை."

சின்னக்குட்டி அவனுடைய கையைப் பார்த்தார். பிறகு அச்சோடு சேர்த்து, கைக்குப் பூசத் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் ஒன்றையும் கொடுத்தார்.

முதல் நாள் நிமலன் நூல்களைப் பார்த்து, விகிதம் போட்டு, அளவுக் கோப்பையால் தண்ணீர் ஊற்றிக் குழைத்தான். அச்சைத் தூக்கியதும் கல் நிமிர்ந்து நின்றது. பிறகு மெல்ல உட்கார்ந்தது. பிறகு படுத்துக்கொண்டது. தண்ணீர் கூடிவிட்டது என்று இரண்டாம் நாள் தண்ணீரைக் குறைத்தான். அது மா இடித்ததுபோல உதிர்ந்தது. மூன்றாம் நாள் சீமெந்தைக் கூட்டினான். அந்தக் கல் எல்லாவற்றையும் விட உறுதியாக வந்தது, ஆனால் அச்சை விட்டு வரவில்லை. சுத்தியலால் தட்டியபோது அச்சுத்தான் உடைந்தது.

இதையெல்லாம் புளொக்கில் போடுவதற்காகக் கமராவை முக்காலியில் பூட்டி முற்றத்தில் நிறுத்தியிருந்தான். முக்காலியின் ஒரு கால் குழைத்த சீமெந்துக்குள் நின்றதை மறுநாள் காலையில்தான் கண்டான். கமராவைக் கழற்ற முடிந்தது. முக்காலி இன்றைக்கும் முற்றத்தில்தான் நிற்கிறது. யசோதரா அதில் துவாய் காயப்போடுகிறாள்.

ஆனாலும் நிமலன் விடவில்லை. சின்னக்குட்டிக்குப் புது அச்சு வாங்கிக் கொடுத்து, அதையே திரும்ப இரவல் வாங்கிவந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு கிழமை லீவு போட்டான். எட்டாம் நாள் முதல் தடவையாக ஒரு கல் நின்ற இடத்தில் நின்றது. அவன் அதைப் பத்துக் கோணத்தில் படம் எடுத்தான். யசோதராவும் பக்கத்தில் வந்து நின்று, பார்த்துக்கொண்டே இருந்தாள். விழுந்துவிடுமோ என்றுதான் பார்த்தாளாம்.

படத்துக்கென்று இருபது கல்லை ஒதுக்கினான். ஈரம் காயமுன்னம் முள்ளுக்கரண்டியால் ஒவ்வொன்றிலும் வரைந்தான். ஒன்றில் வளையத்தோடு சனிக்கிரகம். ஒன்றில் நட்சத்திர மீன். ஒன்றில் ஒரு பெண்முகம்.

"இது ஆர்?" என்று கேட்டாள் யசோதரா.

"நீர்தான்."

அந்தக் கல்லை அவள் இரண்டு நாளாகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். மூன்றாம் நாள் முட்டாமலே அது உடைந்துகிடந்தது. நிமலன் காரணம் விசாரிக்கவில்லை. வேறொன்றில் தவளை வரைந்து கணக்கைச் சரிசெய்தான்.

நூறு கல்லும் ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போயின. ஆட்கள் போகும் படகில் ஏற்றமாட்டோம் என்றார்கள். சாமான் ஏற்றும் வள்ளம் ஒன்றைப் பிடித்தான். ஈரம் போகக்கூடாது என்பதற்காகக் கல்லின் மேல் நனைந்த சாக்கு விரித்து, பிளாஸ்டிக் கான்களில் கொண்டுவந்த நல்ல தண்ணீரை வழிநெடுகத் தெளித்துக்கொண்டே போனான்.

"தம்பி, நான் முப்பது வருசமா உந்தக் கடலில ஓடுறன்," என்றார் வள்ளக்காரர். "நடுக்கடலில வைச்சுக் கல்லுக்குத் தண்ணி வார்க்கிற ஆளை இப்பதான் காணுறன்."

"அது அவை விரும்பிக் கேட்டது அண்ணை," என்றான் நிமலன், வாந்தி எடுப்பதற்கு இடையில்.

நெடுந்தீவில் பஸ்ரியாம்பிள்ளை பத்துப் பன்னிரண்டு பேரோடு மாலையுடன் துறையில் நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மாலையைப் போட்டுவிட்டு, வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"உதெல்லாம் உம்மடையோ தம்பி?"

"ஓம் ஐயா. எல்லாம் நானே போட்டது. சொன்ன மாதிரி ஈரத்தோட கொண்டு வந்தனான். படம் போட்டது இருபது கிடக்கு."

பஸ்ரியாம்பிள்ளை மற்றவர்களைப் பார்த்தார். மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள். கடல் கடந்து வந்த விருந்தாளியை முகம் கோணவைக்கிற பழக்கம் அந்தத் தீவில் இல்லை. நாலு பேர் வந்து, கல்லை இறக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

வாசிகசாலை சந்திக்குப் பக்கத்தில் இருந்தது. நாலு சுவரும் நேராக நின்றன. புதிதாகப் பூச்சுப் பூசி, இளநீல நிறம் அடித்திருந்தார்கள். நிமலன் கட்டிடத்தை ஒரு தடவை சுற்றி வந்தான். இடிந்த சுவர், பாதிச் சுவர், அத்திவாரம் வெட்டிய பள்ளம், எதையும் காணவில்லை. மதில் கட்டப்போகிறார்களாக்கும் என்று நினைத்தான். மதிலும் இருந்தது.

உள்ளே நடுமேசையில் தடித்த ஊசிகள், நூல்கட்டை, ஒரு சட்டியில் பசை, சிவப்புத் துணி ஒட்டிய மட்டைகள் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. மாதர் சங்கத்தின் தையல் வகுப்பு நடக்கிறது போலும். ஒரு ஓரத்தில், மூக்குக்கண்ணாடி போட்ட, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா எழுந்து நின்றார்.

"கட்டுற ஆள் எங்க ஐயா?" என்று நிமலன் மெதுவாகக் கேட்டான்.

"உவதான். அல்போன்சம்மா," என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

நிமலனுக்கு எல்லாக் களைப்பும் பறந்துபோயிற்று. அறுபது வயதில் தனியாகச் சுவர் கட்டுகிற பெண். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக இவரைப் பற்றி எழுதவேண்டும். நாலு பிரிவில் எதில் போடுவது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டான்.

அல்போன்சம்மா வாசலில் இறக்கிய கல் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிவந்து, பசைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். மேசை முனகியது. சனிக்கிரகத்தின் வளையத்தை விரலால் தடவிப் பார்த்தார். விரலில் ஒட்டிய ஈரத்தைச் சேலையில் துடைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமலனை நிமிர்ந்து பார்த்தார்.

"கல்லு வடிவாத்தான் கிடக்கு தம்பி," என்றார். "ஆனா நான் புத்தகமாக் கட்டித் தாறனெண்டு கேட்டது, கொழும்பில மகள் வீட்டில நிக்கேக்க ரண்டு தரம் முழுக்க வாசிச்ச உம்மட எழுத்தை."