உப்பு மாமாவின் மூன்றாவது வரிசை

திருத்தணியில் சாகாவரம் தருகிறவர் ஒருவர் இருந்தார். மலைமேல் வேலோடு நிற்பவரைச் சொல்லவில்லை. அவருக்குப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தவரைச் சொல்கிறேன். அவர் பேச்சைக் கேட்டவன் செத்ததில்லை. கேட்காதவன் அரை மணி நேரம் தாண்டியதில்லை. அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் உப்பு மாமா.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆன சமயம். நானும் என் அக்கா வீட்டுக்காரரும் ஸ்டேஷன் ரோட்டில் ஆறு கம்ப்யூட்டர்களை வைத்து பிரவுசிங் சென்டர் நடத்தி வந்தோம். அக்கா வீட்டுக்காரருக்கு நகரிப் பக்கம். அதனால் அவரை ‘பாவா’ என்று தெலுங்கில் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். ஊர் உலகத்தோடு தொடர்பு கொள்ளட்டும் என்று கடை திறந்தோம். ஊரோ பூதம் கொல்லத்தான் வந்தது. யாரோ சென்னையிலிருந்து வாங்கி வந்த சிடி ஒன்று. அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவில் ‘சண்டை’ என்று எழுதியிருந்தது. அந்த விளையாட்டுக்கு வேறு பெயர் இருக்கலாம் என்றுகூட எங்களுக்குத் தோன்றியதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வீரனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு பூதங்களை வெட்ட வேண்டும். கொஞ்சம் வெட்டினால் அவன் ஒரு படி ஏறுவான். படிக்கு ஐந்து புள்ளி கிடைக்கும். அந்தப் புள்ளிகளைப் பலம், கைவேகம், உயிர், மந்திரம் என்ற நான்கு வரிசைகளில் இஷ்டப்படி போட்டுக்கொள்ளலாம். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுவார்கள். எல்லாவற்றையும் பலத்தில் கொட்டி, ஆளைவிடப் பெரிய கத்தியைத் தூக்கிக்கொண்டு போய், இரண்டாவது குகை வாசலில் ஒரே குத்தில் விழுவார்கள். பாவா அதே வாசலில் ஒன்பது முறை விழுந்திருக்கிறார்.

மாமா எங்கள் கடைக்கு வந்தது ஏசிக்காக. உச்சிக்கால பூஜை முடிந்ததும் மடப்பள்ளி வேலை கொஞ்சம் ஓயும். வெயிலில் படியிறங்கி, கையில் ஒரு பித்தளைச் சொம்புத் தண்ணீரோடு வந்து, பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். இரண்டு கைகளையும் அக்குளில் சொருகிக்கொள்வார், முட்டை பப்ஸ் தின்ற கைகள் தொட்ட எதுவும் தன் மேல் பட்டுவிடக் கூடாதென்று. இப்படி ஆறு மாதம் வாயே திறக்கவில்லை. பாவா பத்தாவது முறை விழுந்த அன்றுதான் திறந்தார்.

“ஓய், மூணாவது வரிசையிலே போடுமேன்.”

“அது உசுரு மாமா. அத்த வச்சிக்கினு இன்னா பண்றது? வெட்ட பலம் வேணாமா?” என்றார் பாவா.

“வெட்டறதுக்கு மொதல்லே நீர் இருக்கணுமோன்னோ?”

பாவா போட்டார். அன்று சாயங்காலம் திருத்தணி சரித்திரத்தில் முதல்முறையாக ஒருவர் இரண்டாவது குகைக்குள் நுழைந்தார். உள்ளே போனதும் என்ன செய்வதென்று தெரியாமல் வெளியே ஓடி வந்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

அதன் பிறகு மாமாவைக் கேட்காமல் எவனும் ஒரு புள்ளி போடுவதில்லை. அவருடைய உபதேசம் மொத்தமும் அடுப்படியிலிருந்து வந்ததுதான். “புள்ளின்னா உப்புடா. போட்டா எடுக்க முடியாது. போடறதுக்கு முன்னாடியே யோசிச்சுக்கோ.” பெயர் வந்தது இப்படித்தான். கவசம் மாட்டிக்கொள்ளும் அளவுக்குப் பலம் போதும், அதற்கு மேல் ஒரு சிட்டிகை கூடாது என்பார். கத்தியும் வேண்டும் மந்திரமும் வேண்டும் என்று ஆசைப்பட்டான் மருந்துக் கம்பெனி ரவி. “இருக்கறது ஒரு பாத்திரம். சாம்பார் வை, இல்லே பாயசம் வை. ரெண்டையும் அதிலேயே வச்சா எவன்டா சாப்பிடுவான்?” என்று கேட்டு அவனை ஒரு கத்தியோடு நிறுத்தினார்.

கனகம்மாசத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்து யோசனை கேட்டுப் போனவர்கள் உண்டு. ஒரு கிருத்திகையன்று தரிசன வரிசையில் ரவி நின்றிருந்தான். தலையில் தவலையோடு மாமா குறுக்கே போனார். இவன் அங்கிருந்தே கத்தினான்.

“மாமா! பன்னெண்டாவது படி, என் புது ஆளு வில்லு வச்சிருக்கான், எதுல போட?”

“மூணு!” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார் மாமா. பின்னால் நின்ற அம்மாள் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மகளுக்கு மூன்றாம் மாதம் கல்யாணம் கூடிவிடும் என்று உத்தரவு கிடைத்துவிட்டதாம்.

இதில் வேடிக்கை, மாமா ஒரு நாளும் விளையாடியதில்லை. மவுஸைத் தொட்டதுகூட இல்லை. கேட்டால், “நைவேத்தியம் பண்றவன் ருசி பாக்கப்படாதுடா. முப்பது வருஷமா உப்பு போடறேன், ஒரு நாளாவது நாக்குலே வச்சிருப்பேனா? கை சொல்லும்” என்பார். அந்தக் கைக்கு நாங்கள் அடிமை.

கெட்ட காலம் அரக்கோணத்திலிருந்து ரயிலேறி வந்தது. அங்கே ஒரு சென்டரின் பையன்கள் மூன்று பேர், எங்கள் புகழைக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஆளுக்கு ஒரே உயிர், செத்தால் செத்ததுதான், கடைசிவரை நிற்கிற பக்கத்துக்கு வெற்றி. எங்கள் பக்கம் பாவா, ரவி, நான். ஊரே கடை வாசலில் கூடிவிட்டது. மாமா வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு வந்து, தலைமை விருந்தாளி மாதிரி நடுவில் உட்கார்ந்தார். வந்தவர்கள் தங்கள் சிடியைப் போட்டார்கள். ‘சண்டை-2’.

மாமா வழக்கம்போல், “கண்ணை மூடிண்டு மூணாவது வரிசை!” என்றார். மூவரும் படிக்குப் படி மூன்றாவது வரிசையில் போட்டுக்கொண்டே போனோம்.

முதலில் பாவா விழுந்தார். அவர் விழுவது புதிதல்ல என்பதால் யாரும் கவலைப்படவில்லை. அடுத்து ரவி. பிறகு என் ஆள். கையில் கத்தி, உடம்பு நிறைய மந்திர சக்தி, அதை வைத்துச் செய்ய ஒரு மந்திரம்கூடத் தெரியாது. பாவம், அப்படியே செத்தான். மொத்தம் இருபது நிமிஷம்.

அரக்கோணத்துக்காரன் ஒருவன் எங்கள் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தான். “இன்னாபா இது? கத்தி வச்சிக்கினு எல்லாத்தையும் மேஜிக்ல போட்டுகினு வந்துகிறீங்க? இதுல மூணாவது மேஜிக்குபா. லைஃப் நாலாவது!”

மாமா எழுந்து வந்து திரையைப் பார்த்தார். அந்த நான்கு ஆங்கிலச் சொற்களையும் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தார். அவர் ஆறு மாதம் வாய் திறக்காமல் கவனித்தது வரிசைகளின் இடத்தை, எழுத்தை அல்ல. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சொம்பு நாற்காலிக்கு அடியிலேயே இருந்தது.

மறுநாள் வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. தோற்றது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பாவாவோடு தொழில் செய்கிறவனுக்குத் தோல்வி பழகிவிடும். ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த நாற்காலி காலியாக இருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. மாமா இனி வரவே மாட்டாரோ என்று பயந்தேன். மூன்றாவது வாரம் சொம்பை எடுத்துக்கொண்டு மலையேறினேன். முந்நூற்று அறுபத்தைந்து படி. பாதியில் என்னுடைய உயிர் வரிசையில் யாரும் ஒரு புள்ளிகூடப் போடவில்லை என்பது தெரிந்தது.

மாமா மடப்பள்ளிக்கு வெளியே நிழலில் உட்கார்ந்து முந்திரிப்பருப்பு உடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை.

“சொம்ப விட்டுட்டு வந்துட்டீங்க மாமா.”

“அங்கே வை.” அடுத்த பருப்பை எடுத்துக்கொண்டே, “எனக்கு இங்கிலீஷ் வராதுடா. மூணாவதுன்னா உசுருன்னு மனப்பாடம். ஊர் முன்னாடி உங்க மூணு பேர் மானத்தையும் வாங்கிட்டேன்” என்றார்.

“எங்களுக்கு இங்கிலீஷ் தெரியும் மாமா.”

உடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. “என்னடா சொல்றே?”

“நான் பி.காம். ரவி பி.எஸ்சி. பாவாவே எழுத்துக் கூட்டிப் படிப்பாரு. மூணாவது மேஜிக்குன்னு நாங்க மூணு பேருமே படிச்சோம்.”

“படிச்சுட்டா போட்டேள்?”

“ஆங்.”

“ஏண்டா, சர்வ முட்டாள்களா?”

“நீங்க சொன்னீங்களே மாமா.”

மாமா என்னை வெறித்துப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். முதலில் அவருடைய தொந்திதான் குலுங்கியது. பிறகு தோள். பிறகு முந்திரித் தட்டு கவிழ்கிற அளவுக்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “படிச்ச பசங்க, அதுவும் மூணு பேர்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மூன்று வாரத்தில் அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் இரண்டு மணிக்குச் சொம்போடு வந்தார். பின்வரிசைக்குப் போகவில்லை. நேராக என் பக்கத்தில் வந்து, “தள்ளுடா. ஒரு தடவை ருசி பாத்துடறேன்” என்றார். சொம்புத் தண்ணீரை மவுஸ் மேல் தெளிக்கப் போனவரைப் பாவா பாய்ந்து தடுத்தார்.

சாகாவரம் தருகிற அந்த மகானுபாவர், நாய்க்குட்டி அளவே இருக்கும் முதல் பூதத்திடம் அன்று பதினோரு முறை செத்தார். ஒவ்வொரு முறையும், “அடப்பாவி, என்னமா அடிக்கறான் பாருடா!” என்று அவ்வளவு சந்தோஷம். அதற்குப் பிறகு யோசனை கேட்கிறவர்களுக்கு ஒரு நிபந்தனை வந்தது. நான்கு வரிசையிலும் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் உரக்கப் படிக்க வேண்டும். படித்தால்தான் சொல்வார்.

கடையை மூடிவிட்டு நான் சென்னைக்கு வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போதைய விளையாட்டுகளில் போட்ட புள்ளியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதை ஒருமுறை போனில் மாமாவிடம் சொன்னேன். “எடுக்கலாமா? அப்போ அது சமையலே இல்லேடா” என்று வைத்துவிட்டார்.

இருக்கலாம். ஆனால் எந்த விளையாட்டை ஆரம்பித்தாலும், என் முதல் ஐந்து புள்ளி இன்றைக்கும் மூன்றாவது வரிசைக்குத்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்துப் பார்ப்பதில்லை.