லத்தீன் டெய்லர் சொன்ன சாட்சி

அருப்புக்கோட்டையில் போப்பாண்டவரையே திருத்தக்கூடிய ஆள் ஒருவர்தான் உண்டு. தாலுகா ஆபீசில் நான் எழுத்தராக இருந்த நாலு வருஷமும் அவருடைய தையல் கடைக்கு மேல் மாடியில்தான் குடியிருந்தேன். சொந்தப் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும். ஊருக்கு அவர் லத்தீன் டெய்லர்.

மாதா கோயிலில் சாமியார் தமிழில் பூசை வைப்பார்; சனங்கள் தமிழில் பதில் சொல்வார்கள். அவர்கள் சொல்லி ஓய்ந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து "எத் கும் ஸ்பிரித்து துவோ" என்று அதே பதில் பழைய லத்தீனில் தனி முழக்கமாகக் கிளம்பும். பாட்டுக் குழுப் பிள்ளைகள் சிரிப்பதற்கென்றே வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்கும்.

லத்தீன்கூடப் பரவாயில்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால் ரோமில் கூடிய வத்திக்கான் சங்கம், மத விஷயத்தில் அரசாங்கம் யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. பிழையான போதனைக்கு உரிமையே இல்லை என்று பழைய போப்பாண்டவர்கள் சொன்னதற்கு இது நேர் எதிர் என்பது டெய்லரின் தீராத வழக்கு. எங்கள் பங்குச் சாமியார் இளவயதுக்காரர். பூசை முடிந்து அவர் பைக்கை எடுப்பதற்குள் டெய்லர் மறித்துவிடுவார்.

"சாமி, பிழைக்கு உரிமை உண்டா?"

"பிழைக்கு இல்லைங்கய்யா. பிழை பண்ற மனுசனுக்கு உண்டு."

"கோணலா வெட்டுன சட்டைக்கு உரிம இல்ல, வெட்டுன டெய்லருக்கு உண்டாக்கும்! நல்லா இருக்கு சாமி!"

இந்த வழக்கில் அவருக்கு முதல் எதிரி, எம்.ரெட்டியபட்டிப் பக்கம் தகரக் கொட்டகையில் ஜெபக்கூட்டம் நடத்திய பாஸ்டர். பருத்தி எடுக்கப் போகும் பெண்கள்தான் அவருடைய சபை. டெய்லர் அவரைப் 'பதிதர்' என்பார். கொள்கை தவறிப் போனவர் என்பதற்குப் பழைய கத்தோலிக்கப் பேச்சு. ஆனால் பாஸ்டருக்குப் பேண்ட் தைப்பதும் இவர்தான்.

"இடுப்பு முப்பத்தாறு. உசரம் நாப்பது. வேத அறிவு பூச்சியம்."

"முழங்கால்ல கொஞ்சம் லூசா விடுங்க அண்ணாச்சி. முட்டி போட்டு ஜெபிக்கணும்."

"யாருக்காக?"

"உங்களுக்காகத்தான்."

ஒரு கோடையில் அந்தக் கொட்டகையை மூடச் சொல்லி அக்கம்பக்கத்தார் சிலர் தாசில்தாரிடம் மனு கொடுத்தார்கள். ஸ்பீக்கர் சத்தம் என்று தொடங்கிய மனு, ஜெபமே கூடாது என்று முடிந்தது. சாட்சிப் பட்டியலில் முதல் பெயர் லத்தீன் டெய்லர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவு நம்பிக்கை.

விசாரணைக்குக் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கக்கத்தில் புத்தகக் கட்டுமாக வந்தார். கொட்டகைப் பெண்கள் அன்றைக் கூலியை விட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டர் உள்ளே வாசலோரம் நின்று வாய்க்குள் ஜெபித்துக்கொண்டிருந்தார்.

"இவர் போதிக்கிறது தப்புங்கிறீங்களா?" என்று கேட்டார் தாசில்தாரம்மா.

"பூராவும் தப்பும்மா."

புத்தகங்களைப் பிரித்துக் கால் மணி நேரம் தப்புகளை வரிசையாக அடுக்கினார். மனுக்காரர்களுக்குத் தலையாட்டி ஆட்டிக் கழுத்தே வலித்திருக்கும்.

"அப்ப மூடச் சொல்லிறலாமா?"

டெய்லர் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்கு மூடணும்?"

மனுக்காரர் ஒருவர் பதறி எழுந்தார். "என்னண்ணாச்சி, இத்தன வருசமா நீங்கதான அவரத் திட்டுனீக?"

"திட்டுனேன். நாளைக்கும் திட்டுவேன். அதுக்கு எனக்கு வாய் இருக்கு. அவரு வாய அடைக்க சர்க்காரக் கூப்பிட்டேன்னா, என் வேதத்துல சத்து இல்லைன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்." தாசில்தார் பக்கம் திரும்பினார். "ஸ்பீக்கரக் கழட்டச் சொல்லுங்கம்மா, எனக்கும் தலவலிதான். ஜெபத்த நிப்பாட்டச் சொல்லாதிங்க. அந்தா உக்காந்திருக்காகளே, அவுக மனச அதிகாரம் பண்ண உங்களுக்கும் உரிம இல்ல, எனக்கும் இல்ல."

ஸ்பீக்கர் போனது. கொட்டகை தப்பியது. வராந்தாவில் கிளம்பிய அல்லேலூயாவில் எங்கள் ஆபீஸ் பைல்களில் பல வருஷத் தூசி பறந்தது. ஒரு பெண் அழுதுகொண்டே டெய்லரின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். "ஏத்தா, விடு! நான் கத்தோலிக்கன்!" என்று அலறினார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த சாமியார் மெல்லப் பக்கத்தில் வந்தார். "அய்யா, சங்கம் சொன்னதும் இதுதானே?"

டெய்லர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நான் சொன்னதத்தான் சங்கமும் சொல்லுதுன்னா, போகட்டும் சாமி, மன்னிச்சு விட்டுருவோம்."

சாப்பாட்டு வேளை. புத்தகக் கட்டை நான் வாங்கிக்கொண்டு அவரோடு நடந்தேன். நல்ல கனம்; உச்சி வெயில். அவர் கையை வீசிக்கொண்டு முன்னால் போனார். ஆனாலும் அவரோடு நடக்க, கடை இன்னும் ரெண்டு தெரு தள்ளி இருக்கக் கூடாதா என்றிருந்தது.